துளையில்லாப் பலகை

எலக்ட்ரானிக்ஸ் கற்க வரும் பிள்ளையிடம் இன்று எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வீட்டில் பிசிபி என்னும் அச்சுச் சுற்றுப் பலகை செய்யும் காலம் போய்விட்டது. நீளக் கால் வைத்த பழைய உறுப்புகள் இருந்தவரை அது நடந்தது. எஸ்எம்டி என்னும் பொடி உறுப்புகள் வந்தபின் மெஷின் இல்லாமல் ஒன்றும் ஆகாது. சீனத் தொழிற்சாலை சில டாலருக்கு ஐந்து பலகை அனுப்பும்போது ரசாயனத்தோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? கல்லூரி ஆய்வகத்தில், சென்னை ரிச்சி தெருக் கடைகளில், இணைய வகுப்புகளில், எங்கே கேட்டாலும் இதே பதில். சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், பலர் அனுபவசாலிகளும்கூட. ஆனாலும் இது தவறு. அதிலும் பொடி உறுப்புகள்தான் வீட்டுப் பலகையை ஒழித்தன என்ற பகுதி நேர் தலைகீழ். வீட்டில் பலகை செய்கிறவருக்கு இதுவரை கிடைத்த உதவிகளிலேயே பெரியது எஸ்எம்டிதான்.

பழைய முறையில் எது பாடுபடுத்தியது என்று செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள். படத்தை அச்சிடுவது அல்ல, செம்பை அரிப்பது அல்ல. துளை போடுவதுதான். ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரைப் பழைய டிஐபி வடிவத்தில் வைத்தால் அதற்கு மட்டும் 28 துளை. ஒவ்வொரு ரெசிஸ்டருக்கும் இரண்டு, கெபாசிட்டருக்கு இரண்டு, கனெக்டரின் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. சாதாரணமான ஒரு பலகையில் நூறு துளை சர்வசாதாரணம். துளையின் விட்டம் 0.8 மில்லிமீட்டர். பலகையோ எஃப்ஆர்4, எபாக்சியில் தோய்த்த கண்ணாடி இழைத் துணி. சாதாரண எஃகு டிரில் பிட் அந்தக் கண்ணாடியில் சில டஜன் துளைகளுக்குள் மழுங்கிவிடும். கார்பைடு பிட் மழுங்காது, ஆனால் கை இம்மியளவு சாய்ந்தால் உடையும். துளை நடுவை விட்டு விலகினால் செம்புத் திட்டு பிய்ந்துகொண்டு வரும். பறக்கும் கண்ணாடித் தூள் கையில் அரிக்கும், மூக்கில் ஏறும். வீட்டுப் பலகையைப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் விட்ட இடம் இதுதான்.

இப்போது அதே ஏடிமெகாவை டிக்யூஎஃப்பி வடிவத்தில் எடுங்கள். 7 மில்லிமீட்டர் சதுரம், 32 கால், கால்களுக்கிடையே 0.8 மில்லிமீட்டர் இடைவெளி. தேவைப்படும் துளைகள்: ஒன்றுமில்லை. ரெசிஸ்டர், கெபாசிட்டர், எல்இடி, வோல்டேஜ் ரெகுலேட்டர் எல்லாமே செம்பின் மேலேயே உட்காரும். கனெக்டரைக்கூட அப்படி உட்காரும் வகையில் வாங்கலாம். வீட்டில் செய்யவே கடினமான ஒரே வேலையை எஸ்எம்டி முழுதாக நீக்கிவிட்டது. இதைச் சொல்லாமல் ‘எஸ்எம்டி வீட்டுக்கு ஆகாது’ என்று மட்டும் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

‘ஆனால் அவ்வளவு நுணுக்கமான கோடுகளை வீட்டில் எப்படி வரைவது?’ நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்துவிடுவோம். எஸ்ஓஐசி ஐசியின் கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். டிஎஸ்எஸ்ஓபியில் 0.65. நெருக்கமான க்யூஎஃப்பி, க்யூஎஃப்என் வகைகளில் 0.5. இந்த இடைவெளியில் திட்டும் உண்டு, இரண்டு திட்டுகளுக்கு நடுவே சந்தும் உண்டு. நாம் அரிக்க வேண்டிய மிகக் குறுகிய சந்து 0.65க்குச் சுமார் 0.25 மில்லிமீட்டர், 0.5க்குச் சுமார் 0.2 மில்லிமீட்டர். அலுவலகத்தில் கிடக்கும் 600 டிபிஐ லேசர் பிரிண்டரின் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர். ஆக, அச்சில் குறையே இல்லை. குறை வருவது அடுத்த படியில். டோனர் என்பது சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தூள். வழவழப்பான காகிதத்தில் அச்சிட்டு, பலகையின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தும்போது அது நசுங்கிப் பரவுகிறது, சந்து அடைபடுகிறது. பெட்டிக்குப் பதிலாக லேமினேட்டரில் சீரான சூட்டில் பலமுறை ஓட்டினால் 0.25 மில்லிமீட்டர் சந்து நம்பிக்கையாக வரும். டிஎஸ்எஸ்ஓபி வரைக்கும் அது போதும்.

அதற்கும் கீழே போக ட்ரை ஃபிலிம் இருக்கிறது. ஒளி பட்ட இடம் கெட்டியாகும் நீலப் படலம். பலகையில் ஒட்டி, நெகட்டிவ் அச்சிட்ட தாளை மேலே வைத்து, புறஊதா ஒளி காட்ட வேண்டும். அழகு நிலையத்தில் நகப்பூச்சு காயவைக்கும் விளக்கே இதற்குப் போதும். படலத்துக்கு வேண்டிய 365 முதல் 405 நானோமீட்டர் ஒளியைத்தான் அது தருகிறது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சலவைச் சோடா கரைத்து அதில் கழுவினால் ஒளி படாத இடம் கரைந்து போகும். ஆப்ப சோடா இல்லை, சலவைச் சோடா. இந்த ஓர் இடத்தில் சறுக்கி ‘ட்ரை ஃபிலிம் வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. இந்த முறையில் 0.15 மில்லிமீட்டர் கோடு வீட்டு மேசையில் வரும். 0.5 இடைவெளி ஐசிக்கு இது தாராளம்.

அரிக்கும்போதும் ஒரு சூட்சுமம். வழக்கமான பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான். செம்பைக் கரைக்கும் ஃபெரிக் குளோரைடு கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் அரிக்கும். 35 மைக்ரான் ஆழம் போவதற்குள் கோட்டின் இருபுறமும் ஏறக்குறைய அதே அளவு உள்ளே தின்றுவிடலாம், 0.25 மில்லிமீட்டர் கோடு 0.18 ஆகும். அதனால் நுணுக்க வேலைக்கு 18 மைக்ரான் செம்புப் பலகை கேட்டு வாங்க வேண்டும். அரிப்பு நேரமும் பாதியாகும், கோடும் காப்பாற்றப்படும். கரைசலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து 40, 45 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி, தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் வேலை சீராக முடியும்.

இன்னொன்று: எஸ்எம்டிக்குப் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட வேண்டும். துளைவழி உறுப்புகளுக்கு அப்படித் தேவையில்லை, செம்பு அடிப்பக்கம் இருப்பதால். பழக்கதோஷத்தில் திருப்பாமல் அச்சிட்டால் ஐசியின் முதல் கால் எதிர்ப்பக்கம் போய்விடும். செம்பிலேயே நாலு எழுத்து எழுதி வைப்பது நல்ல பழக்கம். பலகையில் எழுத்து நேராகப் படிக்கக் கிடைத்தால் படமும் சரி.

சரி, பலகை தயார், பற்றவைப்பது? இங்கேதான் ‘மெஷின் இல்லாமல் முடியாது’ என்ற வாதம் உச்சக் குரலில் ஒலிக்கிறது. அதைச் சொல்கிறவர் தன் ஊர் பேருந்து நிலையத்தருகே உள்ள செல்போன் சர்வீஸ் கடையில் பத்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். போனுக்குள் இருக்கும் கெபாசிட்டர்களில் பல 0.6க்கு 0.3 மில்லிமீட்டர், அதிலும் பாதியளவானவை உண்டு. அவற்றை அந்தக் கடைக்காரர் ட்வீசரால் எடுத்து, ஹாட் ஏர் காட்டி, மாற்றி வைக்கிறார். கீழே முழுக்க ஈய உருண்டைகள் கொண்ட பிஜிஏ ஐசியைக் கழற்றி, ஸ்டென்சில் வைத்துப் புது உருண்டை போட்டு, மறுபடி உட்கார வைக்கிறார். அவரிடம் இருப்பது ஒரு ஹாட் ஏர் ஸ்டேஷன், ஒரு சால்டரிங் அயர்ன், ப்ளக்ஸ், ஒரு பூதக்கண்ணாடி அல்லது மைக்ரோஸ்கோப். பொறியியல் பட்டம் பெரும்பாலும் இருக்காது. தமிழ்நாட்டில் தாலுகாவுக்குத் தாலுகா தினமும் நடக்கும் வேலையைக் கல்லூரிக்குள் மட்டும் முடியாத காரியம் என்று கற்பிக்கிறோம்.

நம் வீட்டுப் பலகைக்கு அந்த அளவு நுணுக்கமும் வேண்டாம். உறுப்பின் அளவைத் தேர்ந்தெடுப்பது நாம்தான். 1206 ரெசிஸ்டர் 3.2க்கு 1.6 மில்லிமீட்டர், 0805 என்றால் 2க்கு 1.25. அரிசியைப் பொறுக்கத் தெரிந்த விரலுக்கு இது பெரிது. தொழிற்சாலை 0402 வைக்கிறதென்றால் இடத்தையும் காசையும் மிச்சப்படுத்த வைக்கிறது. அந்த நெருக்கடி நமக்கில்லை.

ஐசியின் கால்களோ, ஒவ்வொன்றாகப் பற்றவைக்கப்படுவதே இல்லை. மூலைக்கு ஒரு காலை மட்டும் பிடிக்க வைத்து, வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்து, தாராளமாக ப்ளக்ஸ் தடவி, முனையில் கொஞ்சம் ஈயத்தோடு அயர்னை வரிசை நெடுக இழுத்துக்கொண்டு போக வேண்டும். உருகிய ஈயம் செம்போடும் காலோடும் ஒட்டும், எபாக்சியில் ஒட்டாது. ப்ளக்ஸ் ஆக்சைடை நீக்கித் தருவதால், பரப்பு இழுவிசை ஈயத்தை அந்தந்தத் திட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு கால் ஒட்டிக்கொண்டால் செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சிவிடலாம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் சட்டென்று உருகி சட்டென்று உறைவதால் பழகுகிறவருக்கு அதுதான் நல்லது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மேசையில் சாப்பிடக் கூடாது. எழும் புகை காரீயத்தின் புகை அல்ல, ப்ளக்ஸில் உள்ள பைன் பிசினின் புகை. ஆனால் அதுவும் ஆஸ்துமாவைத் தூண்டக் கூடியது. ஜன்னலைத் திறந்து, ஒரு சிறு மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

க்யூஎஃப்என் வகைக்குக் கால்கள் அடியில் ஒளிந்திருக்கும். அதற்கு சால்டர் பேஸ்ட்டும் ஹாட் ஏரும். பேஸ்ட் உருகும் கணத்தில் ஐசி தானாகவே நகர்ந்து தன் திட்டுகளின் மேல் நேராக வந்து உட்காரும். பரப்பு இழுவிசை செய்யும் வேலைதான் அதுவும். தொழிற்சாலை மெஷின் உறுப்பைச் சற்றே கோணலாக வைத்தாலும் பலகை சரியாக வருவது இதே விதியால்தான். நீளக் கால் உறுப்பு இப்படித் தன்னைத் தானே திருத்திக்கொள்ளாது.

குறுக்கே போகும் கோடுகள் ஒரு உண்மையான சங்கடம். வீட்டில் துளைச் சுவருக்குச் செம்பு பூச முடியாது. அதனால் ஒற்றைப் பக்கத்திலேயே சுற்றை முடிக்கப் பார்க்க வேண்டும். இங்கும் எஸ்எம்டி கைகொடுக்கிறது. பூஜ்ய ஓம் 1206 ரெசிஸ்டர் ஒன்றைப் பாலமாகப் போட்டால் அதன் வயிற்றுக்கடியில் இரண்டு கோடுகள் தாராளமாகப் போகும். அதுவும் போதாத இடத்தில் மெல்லிய எனாமல் கம்பி. மீதி வெற்றிடம் முழுவதையும் கிரவுண்டாக, செம்பாகவே விட்டுவிடுவது இரட்டிப்பு லாபம்: மின் இரைச்சல் குறையும், கரைக்க வேண்டிய செம்பும் குறையும்.

எவ்வளவு குறையும்? 50க்கு 50 மில்லிமீட்டர் பலகையில் 35 மைக்ரான் செம்பின் மொத்த எடையே சுமார் 0.8 கிராம். பாதிக்கு மேல் கிரவுண்டாக விட்டால் கரைவது 0.4 கிராமுக்கும் கீழே. வீட்டுப் பலகையைச் சூழலுக்கு எதிரான குற்றம் போலப் பேசுகிறவர்கள் இந்த அளவை மனத்தில் வைத்துப் பேச வேண்டும். தொழிற்சாலையும் செம்பை அரித்துத்தான் பலகை செய்கிறது. கழிவு நம் கண்ணை விட்டு மறைகிறதே தவிர இல்லாமல் போவதில்லை. அதற்காக நாம் அலட்சியமாக இருக்கலாம் என்று பொருளில்லை. செம்பு மீனுக்கும் பாசிக்கும் நஞ்சு. பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றவே கூடாது. ஒரே கரைசலைப் பல பலகைகளுக்குப் பயன்படுத்தி, வீரியம் போனபின் இரும்புக் கம்பளியைப் போட்டு வைத்தால் செம்பு வெளியே படியும். பிறகு நுரை அடங்கும்வரை சலவைச் சோடா சேர்த்து, படியும் சேற்றை உலர்த்தி, மூடி, அபாயக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். எஃகு சிங்க்கும் அலுமினியப் பாத்திரமும் பக்கத்திலேயே வரக் கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு பெராக்சைடு கலந்து அரிக்கும் முறையை வீட்டுக்குள் நான் பரிந்துரைப்பதில்லை. அதன் ஆவி மூச்சையும் கெடுக்கும், அறையிலுள்ள கருவிகளையும் துருப்பிடிக்க வைக்கும்.

மலிவு வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் வலுவானது அதுதான். ஐந்து பலகை சில டாலர் என்பது உண்மை. பச்சைப் பூச்சு, எழுத்தச்சு, செம்பு பூசிய துளைகள் எல்லாம் வரும். முடிந்த வடிவமைப்புக்கு நானும் அங்கேதான் அனுப்பச் சொல்வேன். ஆனால் அந்த விலையோடு கூரியர் செலவும் சுங்கமும் சேர வேண்டும். மலிவான தபாலில் வந்தால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய நஷ்டம் கற்பதில். முதல் வடிவமைப்பு எவருக்கும் சரியாக வராது. பிழையைக் கண்டு, திருத்தி, மறுபடி பார்ப்பதற்கு இடையே எத்தனை நேரம் என்பதே கற்கும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. வீட்டுப் பலகையில் காலையில் கண்ட பிழை மாலைக்குள் திருத்தப்பட்டுவிடும். தபாலில் வரும் பலகைக்காகக் காத்திருக்கும் மாணவர் ஒரு செமஸ்டரில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் போக முடியாது. பிழை செய்யப் பயந்து, ஏற்கெனவே யாரோ சரிபார்த்த படத்தை அப்படியே நகலெடுக்கத் தொடங்குகிறார்.

‘பிரெட்போர்டில் சோதித்துப் பார்த்துவிட்டு அனுப்பட்டுமே’ என்பார்கள். எல்இடி மினுக்கும் சுற்றுக்கு அது சரி. புதிய ஐசிகள் பல டிஐபி வடிவத்தில் வருவதே இல்லை. அவற்றைப் பிரெட்போர்டில் குத்த முடியாது. குத்தினாலும் பயனில்லாத சுற்றுகள் உண்டு. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறக்குறைய ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்பது பொறியாளர் கைக்கணக்கு. பத்து சென்டிமீட்டர் ஜம்பர் கம்பி என்றால் 100 நானோஹென்றி. ஸ்விட்சிங் ரெகுலேட்டரில் 10 நானோ விநாடிக்குள் ஓர் ஆம்பியர் ஏறினால் அந்தக் கம்பியில் மட்டும் 10 வோல்ட் எழும். ஐசி எரிந்தால் குற்றம் ஐசியுடையது அல்ல. கெபாசிட்டர் ஐசியின் காலை ஒட்டி, கால்நீளமே இல்லாமல் உட்கார வேண்டும். அதற்கு எஸ்எம்டியும் செம்புப் பலகையும் வேண்டும். லீனியர் டெக்னாலஜியின் ஜிம் வில்லியம்ஸ் போன்ற அனலாக் மேதைகள் தங்கள் முதல் மாதிரியை வெறும் செம்புப் பலகையின் மேல் நேரடியாகப் பற்றவைத்தே சோதித்தார்கள். 2011இல் அவர் இறந்தபின் அவருடைய வேலை மேசையை அப்படியே கொண்டுபோய் கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்தது. எந்தத் தொழிற்சாலையிலும் பலகை செய்துகொள்ள அவருக்கு வசதி இல்லாமல் இல்லை. செம்பின் மேல் கை வைத்தால்தான் சுற்று எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியும் என்பதால் அப்படிச் செய்தார்.

செம்பை அரித்துச் சுற்று உருவாக்கும் யோசனையே தனியொருவரின் மேசையில் பிறந்ததுதான். வியன்னாவில் பிறந்த பால் ஐஸ்லர் 1936இல் லண்டனில் அச்சுச் சுற்றோடு ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். தொழில்துறை அதைப் பொருட்படுத்தவில்லை. போர்க்காலத்தில் குண்டுகளின் பிராக்சிமிட்டி ஃபியூஸுக்குத் தேவைப்பட்டபோதுதான் அச்சுச் சுற்று பெருமளவில் எடுத்துக்கொள்ளப்பட்டது. தொழிற்சாலை வந்தபின் தனிமனிதர் விலக வேண்டும் என்கிறவர்கள் எது முதலில் வந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

எங்கே வீட்டுப் பலகை கூடாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு அடுக்குப் பலகை, பிஜிஏ, இம்பீடன்ஸ் கணக்குப் பார்க்க வேண்டிய அதிவேகச் சுற்று, நூற்றுக்கணக்கில் செய்ய வேண்டிய பொருள் ஆகியவை தொழிற்சாலைக்கே. 230 வோல்ட் மெயின்ஸ் ஏறும் பலகையைப் பழகுகிறவர் வீட்டில் செய்யவே கூடாது. அங்கே இடைவெளியில் ஒரு சிறு செம்புத் துணுக்கு எஞ்சினாலும் உயிர் போகும். பச்சைப் பூச்சு இல்லாத குறையும் உண்மைதான். அதற்குச் செல்போன் கடைக்காரர்கள் ஜம்பர் கம்பியின் மேல் தடவும் அதே புறஊதாப் பச்சைப் பெயிண்ட் கிடைக்கிறது. தடவி, நகப்பூச்சு விளக்கிலேயே காயவைக்கலாம்.

இந்த விவாதத்தில் எனக்கு ஆத்திரம் வருவது ஓரிடத்தில்தான். ஈசிஇ படித்து முடிக்கும் பிள்ளைகள் பலர் ஒரு பலகையில் செம்பு கரைவதைக் கண்ணால் பார்த்ததில்லை. இறுதியாண்டு ப்ராஜெக்ட்டை ரெடிமேட் மாட்யூல்களை ஜம்பர் கம்பியால் இணைத்து முடிக்கிறார்கள். சிலர் அதையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முடியாது, தேவையில்லை, காலாவதி என்று நாம்தான் முதல் வருடத்திலிருந்தே சொல்லி வைத்தோம். நம் மாநிலத்தில் செல்போன் ஒருங்கிணைக்கும் ஆலைகள் எழும்பியிருக்கின்றன. அங்கே எஸ்எம்டி வரிசையின் முன்னால் நிற்கப் போகிற பொறியாளர், பேஸ்ட் உருகி உறுப்பு தானே நேராவதை ஒருமுறைகூடத் தன் கையால் நடத்திப் பார்க்காமல் போவது என்ன படிப்பு?

கல்லூரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவில்லை. லேசர் பிரிண்டர் அலுவலகத்திலேயே இருக்கிறது. லேமினேட்டர், நகப்பூச்சு விளக்கு, 18 மைக்ரான் பலகை, ட்ரை ஃபிலிம், ஃபெரிக் குளோரைடு, கழிவுக்கென்று மூடியுள்ள தனிப் பாத்திரம், ஆறேழு ஹாட் ஏர் ஸ்டேஷன். முதல் பயிற்சிக்கு எஸ்ஓஐசி ஐசியும் 1206 உறுப்புகளும், அடுத்த பயிற்சிக்கு டிஎஸ்எஸ்ஓபி. பற்றவைப்பதைக் கற்றுக்கொடுக்க உள்ளூர் செல்போன் சர்வீஸ்காரர் ஒருவரை முறையான மதிப்பூதியம் கொடுத்து வாரம் ஒருநாள் ஆய்வகத்துக்கு அழையுங்கள். அவரை வகுப்பில் ஐயா என்று அழைக்க மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.